தோலோடு இருப்பது மட்டும்

அந்த மாசி மாதம் முழுக்க என் அக்கா மகள் தோலோ ஓடோ இருக்கிற பண்டங்களை மட்டும்தான் சாப்பிட்டாள். வாழைப்பழம், வேக வைத்த முட்டை, உடைக்காத வேர்க்கடலை, கடையில் வாங்கின உறை பிரிக்காத பிஸ்கட். முட்டையை அவளே வேக வைப்பாள். வைப்பதற்கு முன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டில் எங்காவது ஊசி குத்தின துளை இருக்கிறதா என்று பார்ப்பாள். தண்ணீரைத் தெருக்குழாயில் தானே பிடித்து வந்து, குடத்தைத் தன் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுவது என் வேலை. தைக் கடைசியிலும் மாசியிலும் தஞ்சாவூர்ப் பக்கம், பங்குனியில் நெல்லூர், அப்புறம் எங்கே பயிர் நிற்கிறதோ அங்கே. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். போர் போடும் லாரியில் இருந்தேன், செங்கல் சூளையில் இருந்தேன், பிறகு மிஷின். ஒரு ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் காலில் எறும்பு ஊறுவது போல ஆகிவிடும். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் அக்கா இருக்கிற கிராமத்தைச் சொல்வேன். அங்கேயும் என் துணிப்பை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். துணியை எடுத்து அடுக்கி வைத்ததில்லை.

கார்த்திகை மழைக்கு மிஷினை ஷெட்டில் விட்டிருந்தோம். அப்போது அக்கா போன் செய்தாள்.

“டேய், எங்க கீற நீ? பாப்பாவுக்கு ஒடம்பு செரியில்ல. ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போ.”

“இன்னா ஒடம்புக்கு?”

“ஒடம்புக்கு ஒன்னும் இல்லடா. வா, சொல்றேன்.”

அக்காவின் புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்துப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கடலை போடுகிற அளவுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மாடு. நான் போனால் அந்தப் பெண் வாசலுக்கே ஓடி வந்து என் பையைப் பிடுங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். அன்றைக்கு வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “வா மாமா” என்றாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதில் ஆரம்பித்திருக்கிறது. பிறகு அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கிறது. மிக்சி ஓடும்போது கேட்கும், சிமெண்ட் ஓட்டின்மேல் மழை விழும்போது கேட்கும். அப்புறம் டிபன் பாக்சில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றாள். மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வந்தது. தூக்கம் போயிற்று. ஒரு நாள் விடியும்போது ஏரிக்கரைமேல் தனியாக நடந்துகொண்டிருந்தவளை மாடு ஓட்டிப் போனவர்கள் பார்த்துக் கூட்டி வந்தார்கள்.

தெருவில் காத்து கருப்பு என்றார்கள். அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். கயிறு மந்திரித்துக் கட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். வெகுநேரம் பேசினார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகவும் பேசினார்.

“இது பேய் பிசாசு இல்ல. பொண்ணு நடிக்கவும் இல்ல. மூளைக்கு வர்ற நோய். இதுக்குப் பேர் வைக்க இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். ஆனா மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கணும். சாப்பிட்டா அடங்கும். நடுவுல விட்டா திரும்ப வரும்” என்றார்.

அடங்கத்தான் செய்தது. பொங்கலுக்கு முன்பே மிக்சிச் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை என்றாள். பள்ளிக்கூடம் போனாள். ஆனால் வேறு தொல்லைகள் வந்தன. உடம்பு போட்டது. சீருடையின் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். வகுப்பில் தூங்கி விழுந்தாள். பஸ்ஸில் ஒரு பெண் இவளைப் பார்த்து, “ஏய், மாத்திரை வந்துட்டா, எடம் வுடுங்கடி” என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அதன் பிறகு மாத்திரையை விட்டுவிட்டாள். விட்டது எங்களுக்கு உடனே தெரியவில்லை. அக்கா தினமும் பக்கத்தில் நின்றுதான் கொடுத்தாள்.

“வாயத் தொற.”

“முயுங்கிட்டேம்மா.”

“நாக்கத் தூக்கு.”

தூக்குவாள். அங்கே ஒன்றும் இருக்காது. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, அக்கா திரும்பியதும் மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற தொட்டியில் துப்பிவிடுவாள். தொட்டி விளிம்பில் பாதி கரைந்து ஒட்டியிருந்த மாத்திரையைப் பார்த்த அன்றைக்கு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதான் மாடு தெனமும் சொம்மா படுத்துக்கினே கீதா? டாக்டரம்மா உனுக்கு எய்திக் குட்தா, நீ மாட்டுக்கு வைத்தியம் பாக்கறியா?”

“மாடு ஒன்னும் சொல்லலியே. அதுக்கு ஒத்துக்குது போல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள்.

“ஏன் பாப்பா துப்பற?” என்று கேட்டேன்.

“மாத்திரை துன்னாத்தான் மாமா நான் லூசு. துன்னாட்டி ஒயுங்கு புள்ள.”

எனக்குத் தெரிந்த வகையில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களைச் சொன்னேன். பிரஷருக்குப் போடுகிறவர்களைச் சொன்னேன். தினமும் கிரீஸ் அடித்தால்தான் மிஷின் ஓடும் என்றேன்.

“நான் இன்னா மிஷினா?” என்றாள்.

அக்கா வேறு வழி பார்த்தாள். மாத்திரை போடுகிற வரைக்கும் நானும் சோறு தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்தாள். மகள் அசையவில்லை. மறுநாள் அக்காவே எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டாள். நிலத்தில் வேலை இருந்தது.

உத்திரமேரூர் பஜாரில் அக்கா மளிகை வாங்குகிற கடை முஸ்லிம் பாய் ஒருவருடையது. அக்கா அங்கே மகளைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர், சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பெண்ணைப் பள்ளிவாசலுக்குக் கூட்டி வாருங்கள் என்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்வதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல், பயந்துகொண்டது, பால் குடிக்கவில்லை என்றால் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். கையில் தண்ணீர் இருந்தால் அதிலும் ஊதுவார்கள். யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாமி என்று ஒருவரும் கேட்பதில்லை.

கைக்குழந்தைகளுக்கு நடுவில் அக்கா மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில். அந்த பாட்டிலை அவளே கடையில் எடுத்தாள், மூடியை அவளே திருகித் திறந்தாள், கடைசி வரைக்கும் அவள் கையிலேயே வைத்திருந்தாள். வந்தவர்கள் ஊதிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியில் கடைக்காரப் பாய் வந்தார். அவரும் ஊதினார்.

“தாயி, ஊதறது மனசுக்கு. டாக்டர் குட்த்த மாத்திரைய வுட்றாத. நானே சக்கரைக்குப் போட்டுக்கினுதான் தொயுவ வரேன்” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “அவங்க நல்லவங்க மாமா” என்றாள்.

“ஏன்?”

“வாயத் தொற, நாக்கத் தூக்குன்னு ஒருத்தரும் சொல்லல. ஊதிட்டுப் பூட்டாங்க.”

அந்தத் தண்ணீரைக் காலையிலும் சாயங்காலமும் ஒரு வாய் குடித்தாள். தீர்ந்தால் மறுபடியும் போய் ஓதி வாங்கி வந்தோம். மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் தெளிவு வந்தது போல இருந்தது. தூங்கினாள். அக்கா சமைத்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தண்ணீர்தான் வேலை செய்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். எனக்கு எதையும் ரொம்ப யோசிக்கிற பழக்கம் இல்லை.

ஒரு காலையில் அவள் தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“மாமா, இங்க வா. அடியில இன்னா இது வெள்ளையா கீது?”

பார்த்தேன். சுண்ணாம்பு தெளிந்தது போல அடியில் ஒரு படிவு. ஆட்டினால் மேலே எழும்பி மறுபடியும் உட்கார்ந்தது.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “துன்னூறுடி அது, விபூதி” என்றாள்.

“பள்ளிவாசல்ல ஏதும்மா துன்னூறு?”

கையில் கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கி, மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது பாட்டிலில் போட்டுக் கலக்கி வைத்திருக்கிறாள்.

“நல்லதுக்குத்தான் கண்ணு செஞ்சேன். நீ மாத்திரைய தொட மாட்டேன்ற. தண்ணிய மட்டுந்தான் குடிக்கற. நான் இன்னா பண்ணுவேன்?”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அப்ப நெஜந்தான்” என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். “கலக்கறாங்கன்னு நான் சொன்னேன் இல்ல மாமா? அப்ப நெஜந்தான்.”

தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். பாட்டிலைக் காலால் மிதித்து நசுக்கிக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்துதான் தோலோடு இருப்பவை மட்டும்.

பள்ளிக்கூடம் போவதும் நின்றது. பேச்சுக் குரல்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை அவற்றில் அக்காவின் குரலும் இருந்ததாம். பார்க்கப் பார்க்க இளைத்தாள். கன்னம் உள்ளே போயிற்று. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தை ஊசியில்தான் ஏற்ற வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் அவள் வருவாளா என்பது தெரியவில்லை. நான்கு பேர் பிடித்து வண்டியில் ஏற்றினால், அதற்கப்புறம் வாழைப்பழத்தையும் வாங்க மாட்டாள்.

மிஷின் முதலாளி போன் செய்தார். தஞ்சாவூரில் பயிர் சாய்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். வரவில்லை என்றேன். வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார். பாசத்தால் இருந்தேன் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. அக்கா கையிலிருந்து உரிக்காத பழத்தைக்கூட அவள் வாங்கவில்லை. நான் வாங்கி வந்தால் வாங்கினாள். யாராவது வாங்கி வர வேண்டியிருந்தது. அவ்வளவுதான். காலையில் சந்தைக்கோ பஜாருக்கோ போவேன், பழமும் முட்டையும் வாங்குவேன், அவள் பக்கத்தில் வைப்பேன், அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், தின்பாள். துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து இறங்கினால் கை கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும். அப்படித்தான் இருந்தது.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தே இருப்பாள். எனக்கும் தனக்கும் மட்டும் சமைப்பாள். மகள் உள்ளே இருந்தால் அடுப்பங்கரைக்குப் போகவே மாட்டாள்.

ஒரு நாள் காலை அக்கா மகள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் குந்தினேன். அலமாரியில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் போயிருந்தேன்.

“இது வெஷம்னு நெனைக்கறியா?”

அவள் அடுத்த கடலையை உடைத்தாள்.

“தோ பார்.” அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவள் குடத்திலிருந்தே தண்ணீர் மொண்டு குடித்தேன். “வெஷமா இருந்தா நான் மொதல்ல சாவறேன்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“நாக்கத் தூக்கு” என்றாள்.

தூக்கிக் காட்டினேன்.

“அந்தப் பக்கம் கன்னம்.”

அதையும் காட்டினேன். மறுபடியும் கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் கடலைக் காட்டுக்கு மோட்டார் போடப் போனேன். மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தாடை கனத்தது. கால் ஒரு இடத்தில் நிற்காமல் துடித்தது. ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு கட்டெறும்பு கையில் ஏறிக் கடித்தது. கடிப்பது தெரிந்தது, வலியும் தெரிந்தது. தட்டிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. தண்ணீர் மடையை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போனதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வரப்பிலேயே படுத்துவிட்டேன்.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அக்கா மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். வீட்டைவிட்டு அவள் அவ்வளவு தூரம் வந்து நாளாகியிருந்தது.

“மாமா, உனுக்கும் எச்சி ஊத்துது” என்றாள்.

துடைத்துக்கொண்டேன். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவள் சிரித்தாள். அதிகம் இல்லை, ஒரு பக்கம் உதடு மட்டும்.

“செத்துட்டியோன்னு அம்மா வாசல்லயே அய்துக்கினு கீது. வந்து பாத்தா நீ கொறட்ட வுட்டுக்கினு கீற. எப்டி கீது மாமா?”

“தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி கீது. கால் சொம்மா இருக்க மாட்டேங்குது.”

“ம். அத்தத்தான் நான் வச்சிக்கினு ஸ்கூலுக்குப் போனேன். கணக்குப் பரீட்சை எய்தினேன்.” மடை உடைந்த இடத்தைக் காலால் மண் தள்ளி அடைத்தாள். “யாராவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. முழுங்கினாயா என்றுதான் தினமும் கேட்டோம். முழுங்கினால் எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

“டாக்டர்கிட்ட சொல்லலாம் வா” என்றேன்.

“நீ சொல்லு. நீயுந்தான் துன்ன.”

“ரெண்டு பேரும் சொல்லலாம்.”

அவள் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நான் மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். வழிக்கு வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள். அக்கா பஸ்ஸில் வந்தாள்.

டாக்டரிடம் நான் மாத்திரை தின்றதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாருங்க உங்களைத் திங்கச் சொன்னது? ஊறுகாயா இது, நாக்குல வச்சு ருசி பாக்க? உடம்பு ஒத்துக்காம ஏதாவது ஆகியிருந்தா? இன்னொரு வாட்டி இந்த வேலை செய்யாதீங்க.”

“செரிங்க மேடம்.”

“எச்சி ஊத்திச்சு மேடம் இவருக்கு” என்றாள் அக்கா மகள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு?”

அப்போது அவள் சொல்ல ஆரம்பித்தாள். எச்சில், பஞ்சு அடைத்த தலை, துடிக்கிற கால், இறுக்கிப் பிடிக்கிற சீருடை, மாதம் தவறியது, பஸ்ஸில் வைத்த பெயர். பாட்டில் தண்ணீரையும் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“இனிமே எதுலயும் கலக்காதீங்கம்மா. தண்ணில, சோத்துல, பால்ல, எதுலயும். யாரோ கலக்கறாங்கங்கிறதுதான் இவ பயமே. அதை நீங்க நெஜமாக்கிட்டீங்க.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள், “பாத்தியா?” என்றாள்.

“நீயும் கேளு” என்றார் டாக்டர். “உங்க அம்மா கலந்தது நெஜம். அதுல நீ சொன்னது சரி. பள்ளிக்கூடத்துல கலக்கறாங்கன்னு உனக்குத் தோணுச்சு பாரு, அது நோய். ரெண்டும் வேற வேற. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுக்காத.”

“எவ்ளோ நாளைக்கு மேடம் துன்னணும்?”

“நாள்கணக்கு இப்ப சொல்ல முடியாது. கொஞ்ச நாள்னு பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் ஆகும். ஆனா இதே மாத்திரைதான்னு இல்ல. இதைக் கொறைச்சு வேற ஒண்ணு தரேன். ஒத்துக்கலேன்னா துப்பாத. வந்து என்கிட்ட சண்டை போடு. மாத்திரைய விடறதுக்கு முன்னாடி வா.”

“நானே பிரிப்பேன். தண்ணியும் நானே புடிப்பேன். வாயத் தொறன்னு யாரும் சொல்லக் கூடாது.”

“சரி. உன் மாமா பாத்துக்கிட்டு இருப்பார். தூரத்துல இருந்து.”

“தூரத்துல” என்றாள் அவள், என்னைப் பார்த்து.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் வரிசையில் அவளே நின்றாள். அட்டையை வாங்கி, பின்பக்கத் தாளை ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் விரலால் தடவிப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆள், “சீக்கிரம் நகரும்மா, இன்னா நோட்டா எண்ற?” என்றான். அவள் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

புது மாத்திரை சாயங்காலத்துக்கு. குழாயடியில் போட்டுக்கொள்வாள். நான் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைப்பது போல நிற்பேன். அட்டையைப் பிதுக்குவாள், உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள், போடுவாள், குழாயில் கை ஏந்திக் குடிப்பாள். சில நாள் வெகுநேரம் கையில் வைத்தபடியே நிற்பாள். குடம் வைத்திருக்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள். ஒரு நாள் போடாமலே திரும்பிவிட்டாள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவளாகவே போட்டாள்.

குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. முழுசாகப் போகவில்லை. தூரத்து ரேடியோ மாதிரி இருக்கிறது, என்ன சொல்கிறது என்று புரியவில்லை, அதனால் தேவலை என்றாள். பங்குனி வாக்கில் தனக்கென்று ஒரு சின்னக் குண்டானில் சோறு பொங்க ஆரம்பித்தாள். அரிசியைக் கடையில் பையோடு வாங்கிப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தானே களைந்து, தானே வைத்து, தானே வடிப்பாள். அவள் அடுப்பங்கரையில் இருக்கும்போது அக்கா வாசற்படியில் இருப்பாள். அவள் வெளியே வந்த பிறகுதான் அக்கா உள்ளே போவாள். இது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. அப்படி ஆகிவிட்டது.

நெல்லூரில் அறுப்பு ஆரம்பித்துவிட்டது என்று போன் வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை. அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். குளிக்கிற இடம் தோட்டத்தில், ஓலை மறைப்பு. அக்கா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வண்டிக்கு செயின் இறுக்கிக்கொண்டிருந்தேன். மறைப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“எம்மா! சோத்தப் பாரு, பொங்கப் போவுது!”

அக்கா கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

“டேய், நீ போடா.”

“உன்னத்தான் சொன்னா.”

“நான் தொட மாட்டேன். நீ போ.”

“எனுக்குக் கையெல்லாம் கிரீசு.”

“எம்மா! காதுல வியலியா?”

உள்ளே மூடி தடதடக்கிற சத்தம் கேட்டது. கஞ்சி அடுப்பில் விழுந்து சுர்ரென்றது. அக்கா கீரையைக் கீழே போட்டாள். எழுந்து இரண்டு கையையும் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். உள்ளே போனாள். போன உடனே தோட்டத்துப் பக்கம் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள்.

“மூடியத் தொறக்கறேண்டி!”

“ம்.”

“அடுப்பக் கொறைக்கறேன்!”

“செரி.”

“கரண்டியால ஒரு வாட்டி கிண்டறேன்! என் கையில ஒன்னும் இல்ல!”

“எம்மா, சொம்மா கத்தாத. தெருவே கேக்குது.”

கரண்டி குண்டானில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அக்கா, முன்னைவிட மெதுவாக, “வெந்துட்ச்சிடி. வடிக்கட்டா?” என்றாள்.

மறைப்புக்குள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் நின்றது. நான் செயினைப் பிடித்தபடி இருந்தேன்.

“வடி” என்றாள்.

அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தபோது அக்கா கஞ்சி வடிவதற்குக் குண்டானைத் தட்டின் மேல் கவிழ்த்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். அவள் குண்டானை நிமிர்த்தினாள். ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். முகர்ந்து பார்த்தாள்.

“கொயச்சிட்டியேம்மா” என்றாள்.

தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழைந்த சோற்றை உருண்டை பிடித்து, வெறும் உப்பு வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் நிமிர்ந்து, இன்னும் சுவரோரமாகவே நின்றிருந்த அக்காவிடம், “நீ துன்னலியா?” என்று கேட்டாள்.